கார்ட் அடிக்க முதல்: ஐயரா, குருக்களா, பூசாரியா?

போன வருசம் ஆனி மாசம் ரொறன்ரோவில இருந்து ஒரு தம்பி வட்ஸ்அப்பில தன்ர கலியாணக் கார்டுக்கு எழுதி அனுப்பினவர். பொம்பிளை மாப்பிளை பேர், நாள், மண்டபம் எல்லாம் வடிவா இருந்தது, கடைசி வரியில மட்டும் "திருமணத்தை நடத்தி வைப்பவர் பூசாரி" எண்டு போட்டு ஒரு பெரிய கோயில் குருக்களின்ர பேர். நான் யோசிக்காமல் அடிச்சு அனுப்பியிருந்தால் பெடியன்ர அம்மம்மா கார்டைக் கிழிச்சுப் போட்டிருப்பா. பெடியன்ல பிழை இல்லை, அங்க இங்கிலிசில எல்லாருக்கும் ஒரே சொல்லுத்தான், அதைப் போனில தமிழுக்கு மாத்தினால் பூசாரி எண்டுதான் வரும்.

நான் யாழ்ப்பாணத்தில ஒரு பிறின்ரிங் கடையில இருவது வருசமா எழுத்துப் பாக்கிற ஆள். கலியாணக் கார்ட், சாமத்திய வீட்டுக் கார்ட், கண்ணீர் அஞ்சலி, 31ஆம் நாள் கல்வெட்டு (செத்தவரின்ர நினைவாக அடிக்கிற புத்தகம்), கும்பாபிசேக நோட்டீஸ் எல்லாம் என்ர கையாலதான் போகும். இந்தப் பேர் விசயத்தில வாற பிழை மாதிரி வேற எதிலயும் வாறேல்லை, அதால சனம் கேக்கிறதையெல்லாம் ஒரு இடத்தில எழுதி வைப்பம் எண்டு இருந்திட்டன்.

முதல் வேலை, என்ன சடங்கு எண்டதைப் பிடியுங்கோ. கலியாணமோ, புது வீட்டுக் குடிபூரலோ, கோயில் அபிசேகமோ எண்டால் பிராமண ஐயர்மார், குருக்கள்மார் வருவினம். செத்தவீட்டுக் கிரியை, அந்தியேட்டி எண்டால் எங்கட ஊர் வழக்கத்தில சைவக்குருக்கள் எண்டு ஆக்கள் இருக்கினம், அவையள் பிராமணர் இல்லை, தீட்சை எடுத்து, குருவாகிற அபிசேகமும் செய்த சைவர். கோயில் ஐயர் செத்தவீட்டுக்கு வரமாட்டார். வெளிநாட்டில பிறந்த பிள்ளையளுக்கு இது தெரியாது, தாத்தா செத்தவுடன நல்லூர்ப் பக்கத்தில ஒரு ஐயரின்ர நம்பரைத் தேடி எடுத்து "நாளைக்கு வாங்கோ" எண்டு கேட்டு, அவர் பாவம் என்ன சொல்லுறது எண்டு தெரியாமல் முழிச்ச கதை எனக்குத் தெரியும்.

அந்தியேட்டி எண்ட சொல்லையே கனபேர் பிழையா விளங்கி வச்சிருக்கினம். அந்தி எண்டால் பின்னேரம் தானே, பின்னேரம் செய்யிறதோ எண்டு கேட்பினம். இல்லை, அதுக்குக் கீரிமலைத் தீர்த்தத்துக்கு விடியவே போறது. அந்திய எண்டால் கடைசி, இஷ்டி எண்டால் வேள்வி, ரெண்டும் சேர்ந்து அந்தியேஷ்டி, அது எங்கட வாயில அந்தியேட்டி. ஒரு மனுசனுக்குச் செய்யிற கடைசி வேள்வி. அதைச் செய்யிறவரும் சாதாரண ஆள் இல்லை. செத்தவீட்டில சுண்ணம் இடிக்கேக்குள்ள பாத்திருக்கிறீங்களோ, முத்தத்தில உரல் வச்சு ஆள் மாறி ஆள் உலக்கை போட, அவர் திருவாசகத்தில திருப்பொற்சுண்ணத்தை இழுத்துப் படிப்பார், உலக்கை விழுற தாளத்துக்கு அந்தப் பாட்டு அப்பிடியே வந்து குந்தும். அழுதுகொண்டிருக்கிற சனமும் அந்த நேரம் கொஞ்சம் அடங்கும். மாணிக்கவாசகர் சாமிக்குப் பொடி இடிக்கிறதாப் பாடினதை எங்கட ஆக்கள் செத்தவருக்குப் பாடுறது ஏன் எண்டு யோசிச்சால் அதுவே ஒரு பெரிய கதை, இப்ப விடுவம்.

சரி, இனிச் சொல்லுக்கு வருவம். குருக்கள் எண்ட சொல்லிலதான் சனம் கூட இடறுறது. குரு எண்டால் சமஸ்கிருதத்தில முதல் அர்த்தம் பாரம், கனம். சங்கீதம் படிச்சவைக்கு லகு, குரு எண்டு ரெண்டும் தெரியும், லகு எண்டால் இலேசு, குரு எண்டால் கனம், அதே சொல்லுத்தான். கனமான ஆள், மதிப்பான ஆள், பிறகு ஆசிரியர், பிறகு கிரியை செய்யிறவர் எண்டு பொருள் நீண்டு வந்திருக்கு. கு எண்டால் இருட்டு ரு எண்டால் நீக்கிறது எண்டு மேடையில எல்லாரும் சொல்லுவினம், அது உபநிடதத்தில சொல்லியிருக்கிற விளக்கம், கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனால் சொல் பிறந்த கதை அது இல்லை. கல்வெட்டில ஆரும் அதைப் போடச் சொன்னால் போட்டுக் குடுப்பன், சண்டை பிடிக்கிறேல்லை.

பிறகு அந்த "கள்". ஒரு சின்னப் பெட்டை லண்டனில இருந்து வந்தவ, கடையில என்னட்டக் கேட்டவ "அங்கிள், எங்கட கலியாணத்துக்கு எத்தினை குரு வருவினம், கார்டில குருக்கள் எண்டு கிடக்கே". நல்ல கேள்வி. பசுக்கள், தெருக்கள் மாதிரித்தான் குரு, குருக்கள், ஆனால் ஆள் ஒருத்தர்தான், கள் மரியாதைக்கு. இளங்கோவடிகள் ஒராள்தானே, கொழும்புத்துறை யோகர் சுவாமிகளும் (1872–1964) ஒராள்தானே. ஒராளைப் பன்மையில சொல்லுற இந்த வழக்கத்தைத் தொல்காப்பியமே "வழக்கினாகிய உயர்சொற் கிளவி" எண்டு சொல்லி வச்சிருக்கு. அப்ப நிறையப் பேர் வந்தால் என்ன சொல்லுறது எண்டு கேட்டவ, குருக்கள்மார் எண்டு சொன்னன், பன்மைக்கு மேல பன்மை, சிரிச்சிட்டுப் போட்டா.

இப்ப முக்கியமான இடம். ஐயர், குருக்கள் ரெண்டும் ஒண்டு இல்லை. ஐயர் வீட்டில பிறந்த பெடியன் பூணூல் போட்டுப் படிச்சு வரேக்குள்ள பேருக்குப் பின்னால சர்மா எண்டு வரும், முன்னால பிரம்மஸ்ரீ எண்டு போடுவம். சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை எண்டு படிப்படியா எடுத்து கடைசியில ஆசாரியாபிஷேகம், அதுதான் ஆளைக் குருவாக்கிற சடங்கு, நடக்கும், வழமையாக் கலியாணம் கட்டின பிறகுதான் அது. அதுக்குப் பிறகுதான் அவர் குருக்கள். முன்னால போடுறதும் மாறும், சிவஸ்ரீ. நேற்று வரைக்கும் பிரம்மஸ்ரீ இன்ன சர்மா எண்டு இருந்த பெடியன் இண்டைக்குச் சிவஸ்ரீ இன்ன குருக்கள். இது எங்களுக்கு டொக்டர் பட்டம் மாதிரி எண்டு வையுங்கோ, பிறப்பால வாறது இல்லை, எடுத்தால்தான். குருக்கள் எண்ட சொல்லுக்குள்ள அந்த அபிசேகம் இருக்கு.

நான் கடைக்கு வந்த புதுசில இது தெரியாது. ஒரு கும்பாபிசேக நோட்டீசில பிரதம குருவின்ர மகனுக்கு, அவர் அபிசேகம் செய்து ஒரு மாசம்தான், பழைய நோட்டீசைப் பாத்துப் பிரம்மஸ்ரீ எண்டே போட்டிட்டன். ஐந்நூறு அடிச்சு முடிஞ்சுது. கோயில்காரர் வந்து ஒரு கட்டைத் தூக்கிப் பாத்துப்போட்டு ஒண்டும் சொல்லாமல் திருப்பி மேசையில வச்சார், அந்தச் சத்தம் இப்பவும் காதில நிக்குது. முதலாளி என்ர சம்பளத்தில கழிக்கேல்லை, ஆனால் அந்த ஐந்நூறையும் பின்பக்கத்தில கணக்கெழுத வெட்டி வச்சவர், ரெண்டு வருசம் நான் எழுதின ஒவ்வொரு பில்லுக்குப் பின்னாலயும் அந்தப் பிரம்மஸ்ரீ இருந்தது.

இந்தத் தீட்சைக் கதை சும்மா பேருக்கு வைக்கிற பந்தா இல்லை. எங்கட ஆறுமுக நாவலர் (1822–1879) இதுக்காகவே கோயில் ஐயர்மாரோட நிண்டு வாதாடினவர், சைவ தீட்சை எடுக்காதவர் பிராமணராய் இருந்தாலும் அவரிட்ட விபூதி வாங்கக் கூடாது எண்டு. நல்லூர்க் கோயிலோட அவருக்கு இருந்த பிடுங்குப்பாடு ஊர் அறிஞ்சது. அதால யாழ்ப்பாணத்துச் சனம் "ஐயர் தானே" எண்டு விட்டிட்டுப் போகாது, "குருக்கள் ஆகிட்டாரோ" எண்டு கேக்கும்.

அப்ப என்ன செய்யவேணும் எண்டால், கார்ட் எழுதுறதுக்கு முதல் அவருக்கே போன் எடுத்து "ஐயா, உங்கட பேரை எப்பிடிப் போடுறது" எண்டு கேளுங்கோ. வெக்கப்படாதேங்கோ, அவை சந்தோசமாச் சொல்லுவினம். சொன்னதை எழுத்துக்கூட்டி எழுதுங்கோ, இன்னும் நல்லது அவரையே எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுறது. பழைய கார்டைப் பாத்து எழுதாதேங்கோ, ஏன் எண்டு மேல சொல்லிட்டன். சைவக்குருக்களுக்கும் இதே வழிதான், அவையும் அபிசேகம் எடுத்தவை, முன்னால என்ன போடுறது எண்டதை அவையிட்டயே கேளுங்கோ, நீங்களா முடிவெடுக்காதேங்கோ. நேர கதைக்கேக்குள்ள ஆரெண்டாலும் "ஐயா" எண்டால் காணும், "குருக்களையா" எண்டும் சொல்லலாம், வீட்டுக்குப் போனால் அவற்ற மனுசியை ஐயரம்மா எண்டு கூப்பிடுறதுதான் வழக்கம். அங்க நிண்டு "ஹலோ பூசாரி" எண்டு மட்டும் வேண்டாம்.

ஐயர் எண்ட சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லாமல் விடேலாது, எனக்குப் பிடிச்ச சொல் அது. பழந்தமிழில "ஐ" எண்டால் தலைவன். "என்னைமுன் நில்லன்மின் தெவ்விர்" எண்டு குறள் படிச்சிருப்பியள், அதில "என்னை" எண்டது என்னை இல்லை, என் ஐ, என்ர தலைவன் எண்டு அர்த்தம், பள்ளிக்கூடத்தில இதில ஒரு மார்க் போகாத ஆள் இல்லை. அந்த ஐதான் ஐயன், ஐயா, ஐயர், ஐயனார் எல்லாம். எங்கட பக்கத்தில பழைய ஆக்கள் தகப்பனையே ஐயா எண்டுதான் கூப்பிடுறது, என்ர அப்பா தன்ர அப்பாவைக் கடைசி வரைக்கும் ஐயா எண்டுதான் சொன்னவர். சமஸ்கிருத ஆர்ய எண்ட சொல் பிராகிருதத்தில அய்ய எண்டு வந்து அதில இருந்துதான் ஐயர் வந்தது எண்டும் ஒரு கட்சி இருக்கு. ரெண்டு ஆறும் ஒரு இடத்தில கலந்திட்டுது எண்டதுதான் என்ர எண்ணம்.

கலியாணக் கார்டோட இதுக்கு நேர சம்பந்தம் இருக்கு. தொல்காப்பியத்தில கற்பியலில "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" எண்டு வரும். கரணம் எண்டால் சடங்கு. பொய் சொல்லி ஏமாத்துறது கூடினவுடன பெரியவை கலியாணத்துக்கு ஒரு சடங்கை ஏற்படுத்திச்சினம் எண்டு அர்த்தம். இதில வாற ஐயர் இண்டைய ஐயர் சாதி இல்லை, முனிவர், பெரியவர் எண்டுதான் பொருள். பேஸ்புக்கில இந்த வரியை வச்சு ரெண்டு பக்கமும் சண்டை பிடிக்கிறதைப் பாத்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும். அதுக்கு முன்னம் என்ன நடந்தது எண்டு பாக்க ஆசை எண்டால் அகநானூறு 86ஆம் பாட்டைப் பாருங்கோ, உழுத்தம் பருப்புப் பொங்கல் சாப்பாடு, பந்தல், மணல், பிள்ளை பெத்த நாலு பொம்பிளையள் சேர்ந்து பொம்பிளையைத் தண்ணி வாத்து வாழ்த்துவினம், கலியாணம் முடிஞ்சுது. ஐயரும் இல்லை, நெருப்பும் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வந்தால் "மாமுது பார்ப்பான் மறைவழி காட்டிட" கோவலனும் கண்ணகியும் தீவலம் வருவினம். அந்த நாலு பொம்பிளையளும் எங்க போனவை எண்டு கேட்டால், எங்கயும் போகேல்லை, இப்பவும் ஆலாத்தி எடுத்துக்கொண்டு மணவறைக்குப் பக்கத்திலதான் நிக்கினம், கார்டில பேர் மட்டும் இல்லை.

புரோகிதர் எண்டும் சிலர் எழுதச் சொல்லுவினம், இந்தியச் சீரியல் பாத்து வந்த சொல் எண்டு நினைக்கிறன், எங்கட ஊரில வாயில கனக்க வாறேல்லை. புரஸ் எண்டால் முன்னால, ஹித எண்டால் வைக்கப்பட்டவர். முன்னுக்கு இருத்தி வச்ச ஆள். ரிக்வேதத்தின்ர முதல் மந்திரமே அக்கினியைப் புரோகிதன் எண்டுதான் கூப்பிடுது. சோனகதெருப் பக்கம் இருந்து ஒரு நிக்காஹ் கார்ட் அடிக்க வந்த அண்ணை ஒருத்தரோட கதைக்கேக்குள்ள இமாம் எண்ட அரபுச் சொல்லுக்கும் முன்னால நிக்கிறவர் எண்டுதான் வேர் எண்டு தெரிய வந்தது. ரெண்டு சமயமும் ரெண்டு பாசையில ஒரே இடத்தில ஆளைக் கொண்டுபோய் நிப்பாட்டியிருக்கு, அண்டைக்கு முழுக்க எனக்கு அதே நினைப்பு.

ஆசாரியர் எண்டது ஆசாரத்தில இருந்து வந்த சொல், ஒழுகிக் காட்டுறவர். சிவாசாரியார் எண்டு எழுதுறது அதுதான், கோயில் கிரியையளுக்குப் பத்ததி, அதாவது செய்முறை நூல், எழுதி வச்ச 12ஆம் நூற்றாண்டு அகோரசிவாசாரியாரின்ர பேரில இருக்கிறதும் அதுதான். நகை செய்யிறவரை, தச்சு வேலை செய்யிறவரை ஆசாரியார் எண்டு கூப்பிடுறதும் அதே சொல்லுத்தான். தாலிக்குப் பொன் உருக்கிற பொன்னுருக்கலுக்குப் போனவைக்குத் தெரியும், அந்தச் சடங்குக்குப் பெரிய ஆள் நகை செய்யிற பத்தர்தான். நிறைகுடம் வச்சு, தேங்காய் உடைச்சு, மாப்பிளை குடுக்கிற தங்கக் காசை உமிக் கரி நெருப்பில வச்சு ஊதுகுழலால ஊதுவார், காசு விளிம்பில வேர்த்து, ஒருக்கா நடுங்கி, சட்டெண்டு உருண்டையாகும், அந்த நேரம் அந்த வீட்டில ஒருத்தரும் மூச்சு விடமாட்டினம். கார்டில பத்தரின்ர பேரையும் போடுங்கோ எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை, கேட்டால் நான் சந்தோசமாப் போடுவன்.

இனிப் பூசாரி. அது கெட்ட சொல் இல்லை, இடம்தான் முக்கியம். பூசை செய்யிறவர் பூசாரி, அவ்வளவுதான். பூசை எண்டதுக்குப் பூ செய் எண்டு பிரிச்சுச் சொல்லுறவையும் இருக்கினம், சந்தனம் பூசுறது எண்டதில இருந்து வந்தது எண்டு சொல்லுறவையும் இருக்கினம், அந்த வழக்கு இன்னும் முடியேல்லை. ஊர் வைரவர் கோயில், அம்மன் கோயில், பரம்பரையாப் பூசை வைக்கிற குடும்பம் எண்டால் பூசாரியார் எண்டு சொல்லுறது சரியான மரியாதை. எழுத்தில பூசகர் எண்டு போடுங்கோ, ஆருக்கும் நோகாது. தொண்டைமானாறு சன்னிதி முருகன் கோயிலில பாருங்கோ, வாயை வெள்ளைத் துணியால கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் மௌனமாப் பூசை செய்வினம், கதிர்காமத்து முறை அது. அங்க கதிர்காமத்தில செய்யிறவையைக் கப்புறாளை எண்டு சொல்லுறது, சிங்களச் சொல், எங்கட கிழக்குப் பக்கம் அது கப்புகனார் எண்டு வழங்குது.

கிழக்கு எண்டவுடன ஒரு எச்சரிக்கை. மட்டக்களப்பில அம்மன் கோயில் பூசகரைக் கட்டாடியார் எண்டு மரியாதையாச் சொல்லுவினம். அதே சொல் எங்கட ஊரில உடுப்புத் தோய்க்கிற ஆக்களைச் சாதிப்பேரால சொல்லுற சொல், இப்ப அதைச் சொல்லுறதே அழகில்லை. அங்கத்தைய சொல்லை இங்க கொண்டு வந்து கார்டில போட்டால் நடக்கிற கூத்தை நினைச்சுப் பாருங்கோ. ஆகவே எந்த ஊர் ஆள் எண்டு கேட்டுப்போட்டு எழுதுங்கோ.

வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீட்டுக் கார்ட் எண்டால் கத்தோலிக்கமோ மற்றச் சபையோ எண்டு முதல் கேளுங்கோ. கத்தோலிக்க ஆக்கள் வாயால சுவாமி எண்டுதான் சொல்லுவினம், சுவாமி எண்டால் உடையவர் எண்டு அர்த்தம், கார்டில அருட்பணி, அருட்தந்தை எண்டு போடுறது, பழைய கார்டுகளில வண. பிதா எண்டு இருக்கும். பாதிரியார் எண்ட சொல் போர்த்துக்கீசற்ற பாத்ரே, தகப்பன் எண்டு அர்த்தம், 1619இல இருந்து 1658 வரைக்கும் அவை யாழ்ப்பாணத்தை ஆண்டுபோட்டுப் போனவை, சொல் போகேல்லை. பேச்சில பரவாயில்லை, கார்டில வேண்டாம். அமெரிக்க மிசன் 1816இல வந்தது, அந்த வழிச் சபையளில போதகர், குருவானவர் எண்டு போடுவினம், பழைய ஆக்கள் பாஸ்ரரை ஐயர் எண்டும் சொல்லுவினம், போப் ஐயர் எண்டு கேள்விப்பட்டிருப்பியள் தானே. ஒருக்கா மானிப்பாயில இருந்து வந்த ஒரு அம்மா "எங்கட ஐயர்" எண்டு சொல்ல நான் பிரம்மஸ்ரீ எண்டு எழுதத் தொடங்கிட்டன், நல்ல காலம் பக்கத்தில சிலுவை டிசைனைக் கண்டது.

சொல்லைத் தேடிப் பாக்க விருப்பம் எண்டால் கூகிளில முதல் வாறதை நம்பாதேங்கோ. 1842இல வந்த மானிப்பாய் அகராதி, யாழ்ப்பாண அகராதி எண்டும் சொல்லுறது, அதில எங்கட பழைய வழக்குக் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில வேலை தொடங்கி 1862இல வெளிவந்த வின்சுலோ அகராதி, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின்ர தமிழ் லெக்சிக்கன், ரெண்டும் நெற்றில சும்மாவே பாக்கலாம். லெக்சிக்கனில சொல்லுக்குப் பக்கத்தில இன்ன சொல்லை ஒப்பிடுக எண்டு கிடந்தால் அது முடிவு எண்டு எடுக்கப்படாது, பாத்துக்கொள் எண்டு சொல்லுது, அவ்வளவுதான். ஊர் வழக்குத் தெரிய வேணும் எண்டால் அகராதியை விட நூலகம் தளத்தில ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிற பழைய நினைவு மலருகள் நல்லது, எந்தக் காலத்தில எந்த ஊரில எப்பிடிப் பேர் போட்டவை எண்டு அப்பிடியே தெரியும்.

கடைசியா, அடிக்க முதல் புரூவை அந்தக் குருக்களுக்கே வட்ஸ்அப்பில அனுப்புங்கோ. ரொறன்ரோத் தம்பியின்ர கார்டைத் திருத்தி, பூசாரியை எடுத்துப்போட்டுச் சிவஸ்ரீயும் குருக்களும் போட்டு, நானே அவருக்கு அனுப்பினன். அரை மணித்தியாலத்தில வொய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னால கோயில் மணிச் சத்தம். "தம்பி, பேர் சரி. முகூர்த்தம் ஆறு பத்து இல்லை, ஆறு நாப்பது. மாப்பிளை கனடா நேரத்தில நிக்கிறார் போல."

மாத்தி அடிச்சுக் குடுத்தன்.